இன்றைய ஆற்றின் அகலம்

ஊரை இரண்டு நாடுகளாகப் பிரிக்கும் ஆற்றின் அகலம் அன்றன்றைய நாணய மாற்று விலையைப் பொறுத்தது. இக்கரைக் காசு ஒன்றுக்கு அக்கரைக் காசு ஏழு என்றால் ஆறு ஏழு தப்படி. ஏழரை என்றால் ஏழரைத் தப்படி. காலையில் விலை வரும். வந்த சற்று நேரத்தில் மறுகரை சத்தமில்லாமல் நகர்ந்து தன் இடத்தில் போய் நிற்கும். அங்கே படித்துறையில் குளித்துக்கொண்டிருப்பவர்கள் சோப்புப் போட்டபடியே தள்ளிப் போவார்கள், அல்லது கிட்ட வருவார்கள். இதில் ஊருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெளியூர்க்காரர்கள்தான் வாயைப் பிளப்பார்கள். ஒரு வாரம் போனால் அவர்களும் முதலில் விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு செருப்பை மாட்டப் பழகிவிடுவார்கள்.

பழைய விலைகளை ஊரார் பழைய வெள்ளங்களைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். இரண்டு நாடுகளும் ஒரே எடையில் வெள்ளிக்காசு அடித்த காலத்தில் ஆறு ஒரே தப்படி. பால் வாங்கப் போகிறவள் பாத்திரத்தோடு தாண்டுவாள், ஒரு சொட்டுச் சிந்தாது. அக்கரையில் செம்பு விலை ஏறிய ஆண்டு மாற்று விலை ஒன்றுக்கும் கீழே இறங்கி ஆறு வாய்க்காலாக ஒடுங்கிற்று. இந்தக் கரை அடுப்புக்கு அந்தக் கரை அடுப்பிலிருந்து கரண்டியில் நெருப்பு வாங்கினார்கள். ஓர் ஆட்டுக்கிடா நாடு விட்டு நாடு தாண்டி மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பியது. சுங்கத்துறை போனதற்கும் வந்ததற்கும் தனித்தனியாக வரி கேட்டது. வந்தது கிடாவின் சொந்த விருப்பம் என்று வாதாடி அதன் சொந்தக்காரர் பாதி வரியோடு தப்பித்தார். பிறகு போர் வந்தது. போர் முடியும்வரை யாரும் விலை சொல்லவில்லை. விலை இல்லாததால் ஆற்றுக்கு மறுகரையும் இல்லை. இங்கிருந்து பார்த்தால் தண்ணீர், அதற்கு அப்பாலும் தண்ணீர். சமாதானம் கையெழுத்தான மறுநாள் ஒன்றுக்கு மூன்று என்றார்கள். கரை திரும்பி வந்தது, சில வீடுகள் குறைவாக.

இந்த ஆற்றின் மேல் மிதவைப் பாலம் ஒன்று உண்டு. தகரப் பீப்பாய்களைக் கயிற்றால் பிணைத்து மேலே பலகை போட்டது. ஒரு பலகை ஒரு தப்படி நீளம். காலையில் விலையைப் பார்த்துப் பலகையைக் கூட்டவோ கழற்றவோ நகராட்சி ஓர் ஆளை வைத்திருந்தது. ஊர் அவனைப் பலகைக்காரன் என்றே கூப்பிட்டது. படித்துறைக்கு எதிரே நாணயம் மாற்றும் கடை வைத்திருந்த சில்லறை அக்கா தொலைபேசியில் விலையைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதுவாள். அவன் அதைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுப்பான். பின்னங்களுக்காகக் காலும் அரையும் முக்காலுமாக அறுத்த துண்டுப் பலகைகள் அவனிடம் தனியாக இருந்தன. நாலேகால் விலைக்கு நடந்த ஒருநாள் கால் பலகையைப் போட மறந்துவிட்டான். அக்கரையிலிருந்து நூல்கண்டு வாங்க வந்த ஒரு பெண் அந்தக் கால் தப்படியில் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினாள். அவன் கைகொடுத்துத் தூக்கினான். அவள் திட்டினாள். மறுநாளும் வந்து, மிச்சம் இருந்ததைத் திட்டினாள். ஆறு மாதத்தில் கல்யாணம் ஆயிற்று.

கல்யாணத்தை அவளுடைய அப்பா ஏற்கவில்லை. அவர் அக்கரை நாணயச் சாலையில் காசுகளை எடைபோடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு நாட்டுக் காசும் ஒரே எடை என்பதைத் தன் கையால் தராசில் பார்த்தவர். அதற்குப் பிறகு உலகம் சொன்ன எந்த விலையையும் அவர் நம்பவில்லை. அவருக்கு எப்போதும் ஒன்றுக்கு ஒன்றுதான். மற்றதெல்லாம் வதந்தி. மாப்பிள்ளை பிடிக்காததற்கு அவர் சொன்ன காரணமும் அதிலிருந்தே வந்தது. "எங்க காசு விழ விழ இவனுக்குப் பலகை கூடுது. நாங்க கெட்டாத்தான் இவன் பொழைப்பு. இவனுக்கா என் பொண்ணு?" என்றார். தனக்கும் அவனுக்கும் எந்த முறையும் கிடையாது, மருமகன் என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று படித்துறையில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு விலை ஆறு. ஆறு தப்படிக்கு அப்பாலிருந்து சொன்னது தெளிவாகவே கேட்டது.

விலை பதினான்காக இருந்தபோது அவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அப்பா கூப்பிடவில்லை, ஆனாலும் போனாள். "ரெண்டு வாரம்தான். அவருக்குக் கஞ்சி காய்ச்சித் தர ஆள் இல்ல. நீ சுத்தியலைத் தலைமாட்டுல வச்சுக்காம தூங்கு" என்று சொல்லிப் பதினான்கு பலகைகளையும் நடந்து கடந்தாள். அந்த வாரம் அக்கரை அரசாங்கம் தன் கடனையெல்லாம் புது நோட்டு அடித்துக் கட்ட முடிவு செய்தது. விலை முப்பதாயிற்று. பலகைக்காரன் நகராட்சிக் கிடங்கைக் காலி செய்து போட்டான். எண்பதாயிற்று. பள்ளிக்கூட பெஞ்சுகளை வாங்கிப் போட்டான். முந்நூறானபோது வீட்டு வீடாகப் போய்க் கதவுகளைக் கேட்டான். ஊர் கொடுத்தது. அந்த மாதம் ஊரில் திருடர்கள்கூட இல்லை, ஏனென்றால் கதவில்லாத வீட்டில் நுழைவதற்கு அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. விலை ஆயிரத்தைத் தாண்டியதும் கதவுகளும் தீர்ந்தன. பாலம் தண்ணீருக்குள் வெகுதூரம் போய், சும்மா நின்றது.

படகு போகவில்லையா என்றால், போனது. படகோட்டி ஒருவர் விடிந்ததும் துடுப்புப் போட்டார். மத்தியானம் அக்கரைக் காசு விழுந்தது, மறுகரை பின்வாங்கியது. மாலையில் இன்னும் விழுந்தது. அவர் துடுப்புப் போடும் வேகத்தைவிட அச்சகத்தின் வேகம் அதிகம். மூன்றாம் நாள் தாடியோடு திரும்பி வந்து, இனி மீன் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அக்கரையை இப்போது கண்ணால் பார்க்க முடியவில்லை. தொலைபேசி மட்டும் வேலை செய்தது. பலகைக்காரன் வாரம் ஒருமுறை சில்லறை அக்கா கடையில் நின்று பேசுவான். அங்கேதான் தனக்கு மகள் பிறந்ததைக் கேட்டான். என்ன எடை என்று கேட்டான், எதையாவது கேட்க வேண்டும் என்பதால். தாத்தா அடுக்களைத் தராசில் வைத்துப் பார்த்ததாகவும், நல்ல காசுபோல இருப்பதாகச் சொன்னதாகவும் மனைவி சொன்னாள். வீட்டுக்கு வந்து அவன் சோறு ஆக்கினான், தின்றான், பாத்திரம் கழுவினான். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. பலகை போடும் வேலை நின்றுபோனவனுக்கு நகராட்சி சம்பளத்தை நிறுத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வழி தெரிந்தது ஓர் அமைச்சரின் தங்கையால். அக்கரை அரசாங்கம் தன் மானத்தைக் காப்பாற்ற, அரசு விலை என்று பன்னிரண்டை அறிவித்திருந்தது. அந்த விலைக்கு யாருக்கும் காசு கிடைக்காது என்பதால் ஆறும் அதைச் சட்டை செய்யவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை அமைச்சரின் தங்கை இக்கரையிலிருந்து குளிர்சாதனப் பெட்டிகள் வாங்க அரசு விலையில் பணம் பெற்று, அக்கரைச் சுங்கச்சாவடிப் படிக்கட்டில் வந்து நின்றாள். அந்தப் படிக்கட்டுக்கு எதிரே மட்டும் ஆறு பன்னிரண்டு தப்படியாகச் சுருங்கியது. இரண்டு பக்கமும் கடல்போலக் கிடக்க, நடுவில் ஒரு சந்து. பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. அவள் படியேறியதும் ஆறு பழையபடி விரிந்தது. பலகைக்காரன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சில்லறை அக்கா அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு யோசித்தாள். மறுநாள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"தம்பி, நாம இத்தனை நாளா என் கரும்பலகையைப் பாத்து ஆறு நகருதுன்னு நெனச்சோம். அப்படி இல்ல. ரெண்டு பேர் எந்த விலைக்கு நெஜமா மாத்திக்கிறாங்களோ, அவங்க நிக்கிற எடத்துல அதான் அகலம். உன் பொண்டாட்டியை அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு பேசிக்கோங்க. தாண்டி வந்துடட்டும்."

பேசினார்கள். குறித்த நேரத்தில் அவள் அக்கரையில் கையில் நோட்டோடு நின்றாள், அவன் இக்கரையில் நின்றான். ஆறு அசையவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "புருஷன் பொண்டாட்டி காசு மாத்துனா அது வியாபாரமா? இந்தப் பையிலேர்ந்து அந்தப் பைக்குப் போறது. அதுக்கு எவன் நகருவான்?" அடுத்து, மனைவி அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரரைப் பிடித்தாள். நல்ல மனிதர். பச்சைக் குழந்தையைப் பார்த்ததும் ஒன்றுக்கு ஒன்று என்ன, சும்மாவே தருகிறேன் என்றார். அதுதான் கெடுத்தது. இரக்கத்தில் சொன்ன விலையை ஆறு விலையாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விலையை மனதார நம்புகிற ஓர் அந்நியர் வேண்டும். ஒரு பெட்டித் தீக்குச்சிக்கு ஒரு பை நிறைய நோட்டு கொடுத்துக்கொண்டிருந்த அக்கரையில் அப்படி யார் இருக்க முடியும்?

"அப்பா எப்படி இருக்கார்?" என்று அடுத்த வாரம் தொலைபேசியில் அவன் மரியாதைக்குக் கேட்டான்.

"கால் சரியாயிடுச்சு. வாய்தான் அடங்கல. இன்னைக்குப் பால்காரர்கிட்ட சண்டை. ஒரு ரூபாப் பாலுக்கு ஒரு ரூபாதான் தருவேன்னு நிக்கிறார். ஊரே சிரிக்குது. நான் பின்வாசல் வழியா போய் மிச்சத்தைக் கொடுத்துட்டு வரேன்" என்றாள் அவள்.

காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த சில்லறை அக்கா தொலைபேசியைப் பிடுங்கினாள். "ஏம்மா, உங்கப்பா இவனை மருமகன்னு சொல்வாரா?"

"செத்தாலும் சொல்ல மாட்டாரு. பாலத்துக்காரன்னுதான் சொல்வாரு."

"மனசுல?"

"மனசுல இன்னும் கேவலமா சொல்வாரு, அக்கா."

"அப்ப கடவுள் இருக்கார்" என்றாள் அக்கா.

பேரம் பேசும் விதத்தை அவள் ஒரு நாள் முழுக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கெஞ்சினால் அது உதவியாகிவிடும். மகளைப் பற்றிப் பேசினால் குடும்பமாகிவிடும். குழந்தை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. ஐயா என்றுகூட ஓர் அளவோடுதான். மறுநாள் அவன் கடையில் நின்று எண்ணைச் சுழற்றினான். பெரியவர் எடுத்தார்.

"பாலத்துக்காரன் பேசறேன். உங்க நோட்டு ஒண்ணு வேணும். மாத்திக்கணும்."

"உன் நோட்டு எனக்கு எதுக்கு? விசிறிக்கவா?"

"வேணாம்னா விடுங்க. எப்படியும் உங்க நோட்டுக்கு இன்னைக்கு விலை இல்ல. ரெண்டாயிரம் கொண்டாந்தா ஒண்ணு தரலாம். உங்க வயசுக்காக ஆயிரத்து எண்ணூறு."

தொலைபேசிக்குள் ஒரு நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பெரியவர் பேசியதில் பாதியைச் சில்லறை அக்கா இன்றைக்கும் வெளியில் சொல்வதில்லை. மீதிப் பாதி நாணயச் சாலையைப் பற்றியது. தராசின் முள்ளைப் பற்றியது. எந்தப் பயலும் அந்த முள்ளைப் பார்க்காமல் விலை சொல்ல வந்துவிட்டதைப் பற்றியது. அவன் ஐந்நூறுக்கு இறங்கினான். அவர் இன்னும் கத்தினார். நூறுக்கு இறங்கினான், ஐம்பதுக்கு இறங்கினான். தன் ஒரு மாதச் சம்பளத்தில் அவன் ஏற்கெனவே கதவு கொடுத்தவர்களுக்குச் சாக்குத்துணி வாங்கித் தந்திருந்தான். கையில் இருந்த ஒரே பெரிய நோட்டைத்தான் பேரத்தில் வைத்திருந்தான். அதனால் அவன் குரலில் இருந்த வலி நிஜமானது.

"ஒண்ணுக்கு ஒண்ணு. ஒரு காசு கூட மாட்டேன், ஒரு காசு கொறைய மாட்டேன். இஷ்டம்னா நாளைக்குக் காலையில ஆத்தங்கரைக்கு வா. இல்லன்னா எவன்கிட்டயாவது போய் ஏமாறு."

"சரி. வந்து தொலைக்கிறேன்" என்றான் அவன்.

மறுநாள் அவன் படித்துறையில் நின்றான். பின்னால் கதவில்லாத ஊர் முழுக்க நின்றது. எதிரே வெறும் தண்ணீர். பிறகு தண்ணீரின் விளிம்பில் ஒரு கோடு தெரிந்தது, கோட்டின் மேல் கூரைகள், கூரைகளின் கீழ் தெரு. தெருவில் ஒரு பெண் கொடியில் துணி காயப்போட்டபடியே நெருங்கி வந்தாள். மறுகரை ஓர் அசைவுக்குள் அவன் செருப்பு நுனிக்கு ஒரு தப்படி தள்ளி வந்து நின்றது. அங்கே ஊன்றுகோலோடு பெரியவர். அவருக்குப் பின்னால் அவள், துணி சுற்றிய குழந்தையோடு. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அக்கா அப்படித்தான் சொல்லியிருந்தாள். நோட்டை நீட்டினான். பெரியவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்து, முகர்ந்து, மடித்து வைத்துக்கொண்டு தன் நோட்டைத் தந்தார். "எண்ணிக்கோ" என்றார், ஒரே நோட்டை. அவன் எண்ணிக்கொண்டான். அந்த நேரத்தில் அவள் ஆற்றைத் தாண்டினாள். பாலைச் சிந்தாமல் தாண்டுகிறவள்போல, அவசரமில்லாமல். ஈரம் படாமல் வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "திரும்பாதே. அப்பா போகட்டும்" என்றாள். குழந்தையின் மூச்சு அவன் சட்டையில் பட்டது. அவன் திரும்பாமல் அழுதான்.

அவர் உடனே போகவில்லை. போக விடவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கும்வரை ஆறு ஒரு தப்படியாகவே இருப்பதை ஊர் கவனித்துவிட்டது. யாரோ இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், கரைக்கு ஒன்று. பாலம் எட்டாமல் போனதிலிருந்து பார்க்காத தங்கையைப் பார்க்க ஒருவர் தாண்டினார். மருந்துக்கு ஒருத்தி தாண்டினாள். அங்கே மாட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள், இங்கே மாட்டிக்கொண்டிருந்தவர்கள் போனார்கள். மாலைவரை அவர்கள் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மறு வாரமும் அப்படியே. நாலாவது வாரத்தில் அது சந்தை நாளாகிவிட்டது. நகராட்சி ஒரு தீர்மானம் போட்டு, பொதுமக்கள் நலன் கருதி இரு தரப்பும் சமாதானம் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

அது சொல்வதற்கு எளிது. ஒரு மனிதரை வாரம் ஒருநாள் பகல் முழுக்க எதிரே உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வெறுப்பைக் கட்டிக்காப்பது பெரிய வேலை. இரண்டாம் ஆண்டிலேயே பெரியவருக்கு அவன் பீப்பாய்க் கயிற்றில் போடும் முடிச்சு பிடித்துப்போனது. முடிச்சு தப்பு என்று சொல்லிச் சமாளித்தார். அவனுக்கு அவருடைய தராசுக் கதைகள் பிடித்துப்போயின. கொட்டாவி விட்டுச் சமாளித்தான். பேத்தி கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டு கரையிலும் ஒவ்வொரு காலை வைத்து நின்று, ஒரு பக்கம் அப்பா என்றும் மறுபக்கம் தாத்தா என்றும் கூப்பிட்டாள். அவளைப் பற்றி ஆற்றுக்குப் புகார் இல்லை. அதன் கவனமெல்லாம் இந்த இருவர் மேல்தான்.

ஒரு சந்தை நாள் பலகைக்காரன் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தான். பெரியவர் அவனைப் பார்த்தார். வேறெங்கோ பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். ஆறு ஒரு சாண் விரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. அவர் எட்டி அவன் நெற்றியைத் தொட்டார். "என்ன மாப்ள இப்படிக் கொதிக்குது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நாற்காலியும் எதிரெதிர்த் திசையில் கிறீச்சிட்டு நகர்ந்தன. தாண்டக் காலைத் தூக்கிய ஒரு ரொட்டிக்காரி கூடையோடு இடுப்பளவு தண்ணீரில் விழுந்தாள். ரொட்டிகள் மிதந்தன. மறுகரை பத்து, இருபது, ஐம்பது தப்படி என்று ஓடியது. படித்துறையில் நின்றவர்கள் அலறினார்கள். அக்கரைப் பக்கம் போயிருந்தவர்களில் அவன் மகளும் ஒருத்தி.

பலகைக்காரன் எழுந்து நின்றான். பல் கிட்டியது. கைகளை வாயருகே குவித்துக் கத்தினான்.

"யோவ் பெரியவரே, காலையில நீர் குடுத்த நோட்டு ஓரத்துல கிழிஞ்சிருக்கு. இதுக்கு அரைதான் தருவேன். மீதியைத் திருப்பிக் குடும்."

தூரத்தில் சிறிதாகத் தெரிந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு ஊன்றுகோலை உயர்த்தினார். "என் நோட்டா கிழிஞ்சது? திருட்டுப் பயலே, உன் கண்ணு கிழிஞ்சது" என்ற குரல் தண்ணீரின் மேல் வந்து சேர்ந்தது. குரலுக்குப் பின்னாலேயே கரையும் வந்தது. அவர் முகம் சிவந்திருந்தது, கண் ஈரமாக இருந்தது. கோபம் என்று ஊரில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். ரொட்டிக்காரியைத் தூக்கிவிட்டார்கள். அவள் நனைந்த ரொட்டிக்கு இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் காசு வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்கரை அரசாங்கம் மாறியது. நோட்டில் பூஜ்யங்களை வெட்டினார்கள். விலை மெல்ல இறங்கி ஒன்பதில் வந்து நின்று, அநேகமாக அங்கேயே இருக்கிறது. கதவுகள் வீடுகளுக்குத் திரும்பின. சில, வேறு வீடுகளுக்கு. பலகைக்காரன் காலையில் ஒன்பது பலகை போடுகிறான், தேவைப்பட்டால் ஒரு கால் பலகையும். சந்தை நாளில் மட்டும் பாலத்துக்கு விடுமுறை என்று நகராட்சி நிரந்தரமாக எழுதிவைத்திருக்கிறது. அன்றைக்கு நாற்காலிகள் வரும், ஒரு நோட்டு போகும், ஒரு நோட்டு வரும், மக்கள் கூடைகளோடு தாண்டுவார்கள். மத்தியானம் அவன் மனைவி இருவருக்கும் சோறு கொண்டுவருவாள். பெரியவர் தன் தட்டுக்குக் காசு எடுத்து வைப்பார், சும்மா சாப்பிட்டால் விருந்தாகிவிடும் என்பதால். அவள் அதை வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடவா, பெரியவரே?" என்று கேட்பாள். "போடு, நல்லா இல்ல" என்று அவர் தட்டை நீட்டுவார்.